ஒரே பாறையில் கோட்டையும் ஒயினும்

ஷினோனுக்குப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கோட்டைக்குத்தான் ஏறுகிறார்கள். மதில் மேல் ஒரு சுற்று நடந்து, நதியைப் படம் பிடித்து, இறங்கி வரும் வழியில் ஒரு பாட்டில் சிவப்பு ஒயின் வாங்கிக்கொண்டு மாலைக்குள் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கோட்டை ஒரு பக்கம், ஒயின் ஒரு பக்கம் என்று ஊர் இரண்டு துண்டாகத்தான் அவர்கள் மனதில் தங்குகிறது. உண்மையில் இரண்டும் ஒரே குழியிலிருந்து வந்தவை. கோட்டை கட்டக் குன்றைக் குடைந்து கல்லெடுத்தார்கள். கல்லெடுத்த வெற்றிடத்தில் பீப்பாய்களை அடுக்கினார்கள். குன்றின் மறுபக்கச் சரிவில், அதே கல்லுக்குள் திராட்சை வேர் இறங்கியது. அதனால் இந்த ஊரைக் கீழேயிருந்து பார்க்கத் தொடங்குவதே சரி என்பது என் கட்சி.

பிரான்ஸின் லுவார் நதிப் பள்ளத்தாக்கில், தூர் நகரிலிருந்து தென்மேற்கே சுமார் 45 கிலோமீட்டரில் இருக்கிறது ஷினோன். தூரிலிருந்து சின்ன ரயில் ஒன்று முக்கால் மணி நேரத்தில் கொண்டுவந்து விடும். பத்தாயிரம் பேர்கூட இல்லாத ஊர். லுவாரில் கலக்கப் போகும் வியென் நதி தெற்கே ஓடுகிறது. கரையை ஒட்டிப் பழைய தெரு, தெருவுக்குப் பின்னால் சுவர்போல எழும் பாறை, பாறையின் தலையில் நீளவாக்கில் கோட்டை. நதிப் பாலத்தின் தென்முனையில் நின்றால் அத்தனையும் ஒரே பார்வையில் அடங்கிவிடும். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த லுவார் பள்ளத்தாக்கில் ஷினோனும் உண்டு.

பழைய தெருவில் மரச்சட்டங்களுக்கு இடையே செங்கல் நிரப்பிக் கட்டிய வீடுகள் மேல்மாடி முன்னுக்குத் துருத்திக்கொண்டு நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே வெள்ளைக் கல் மாளிகைகள். அந்தக் கல்லின் பெயர் துஃபோ. சுமார் ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த கடலின் அடியில் படிந்த சுண்ணாம்புக்கல் அது. விரலால் தேய்த்தால் சாக்பீஸ் தூள்போல வெள்ளையாக ஒட்டிக்கொள்கிறது. பாறையிலிருந்து வெட்டும்போது மிருதுவாக இருக்கும். காற்றுப் பட்டபின் இறுகும். உளியும் ரம்பமும் போதும். லுவார் அரண்மனைகளில் இத்தனை நுணுக்கமான செதுக்கல் வேலை இருப்பதற்கு இந்த மிருதுவும் ஒரு காரணம்.

தெருவின் பின்புறம் பாறையில் ஆங்காங்கே மரக்கதவுகள். ஒன்றைத் திறந்து உள்ளே போனால் வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே 12 டிகிரிதான். குளிர்காலத்திலும் அதே 12 டிகிரி. ஈரம் குறைவதே இல்லை. பீப்பாய் மரம் காய்ந்து வெடிக்காமல் இருக்க அதுதான் வேண்டும். சுவரில் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தால் கல்லெடுத்தவர்களின் கொத்துக்கோடாலி வெட்டுகள் தெரிகின்றன: சாய்வாக, ஒரே இடைவெளியில், வரிசை வரிசையாக. ஓரிடத்தில் வெட்டு திசை மாறுகிறது. அங்கே வேறொருவரின் கை தொடங்கியிருக்க வேண்டும். அந்தக் கோடுகளின் மேல் கறுப்புப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. பாதாள அறைக்காரர் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பீப்பாய்க்குள் விட்டு, மேல்முனையை விரலால் அடைத்துத் தூக்கி, கோப்பையில் இரண்டு வாய் அளவுக்கு இறக்கித் தருகிறார். சுவைத்துவிட்டு உமிழ்ந்துவிடலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை. தொழில்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

இந்தக் குகைகளில் பெயர் பெற்றது கோட்டைக்கு நேர் அடியில் இருக்கும் ‘காவ் பென்த்’, அதாவது ஓவியக் குகை. கோட்டைக்குக் கல் கொடுத்த சுரங்கம் என்றே இதைச் சொல்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டு எழுத்தாளர் பிரான்சுவா ரபெலேயின் பெயரில் வரும் நூல் வரிசையில் இந்தக் குகை இடம்பெறுகிறது. 1961இல் தொடங்கிய ரபெலே ஒயின் சகோதர சபை இன்றும் இங்கேதான் கூடி, நீண்ட அங்கி அணிந்து, புது உறுப்பினர்களைச் சேர்க்கிறது.

இனி மேலே போகலாம்.

ஷினோன் கோட்டை ஒரே கட்டடம் அல்ல. கிழக்கிலிருந்து மேற்காக செயின்ட் ஜார்ஜ் கோட்டை, நடுக்கோட்டை, கூத்ரே கோட்டை என்று மூன்று. இடையிடையே பாறையில் வெட்டிய ஆழமான வறண்ட அகழிகள். நடுக்கோட்டையின் வாசலில் மணிக்கூண்டு. 35 மீட்டர் உயரம், ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் ஆச்சரியப்படும் அளவுக்கு ஒல்லி. அதன் உச்சியில் 1399இல் வார்த்த மணி தொங்குகிறது. மரி ஜவெல் என்று அதற்குப் பெயர். இன்றைக்கும் மணி சொல்கிறது.

கோட்டையை இந்த அளவுக்குப் பெரிதாக்கியவர் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி. இங்கிலாந்து மன்னருக்கு பிரான்ஸில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அவர் பிறப்பால் ஆன்ஜூ பிரபு. நார்மண்டி தாய்வழி வந்தது. தென்மேற்கு அக்கித்தேன் மனைவி எலினோருடன் வந்தது. ஸ்காட்லாந்து எல்லையிலிருந்து பிரெனே மலை வரை நீண்ட அந்த ஆட்சிக்கு ஷினோன் ஏறக்குறைய நடுவில் இருந்தது. கருவூலத்தின் ஒரு பகுதியை இங்கே வைத்தார். தன் ராஜ்ஜியத்தின் முனைகளுக்குக் குதிரையில் ஓடிக்கொண்டே இருந்த மனிதர் மூச்சு வாங்கிய இடங்களில் இதுவும் ஒன்று.

ஆனால் இந்தச் சுவர்கள் அவருக்குத் தந்தது நிம்மதி அல்ல. 1173இல் அவருடைய மூத்த மகன், அவர் பெயரையே கொண்ட இளைய ஹென்றி, இதே கோட்டையிலிருந்து இரவோடு இரவாகத் தப்பி பிரெஞ்சு மன்னரிடம் போய்ச் சேர்ந்தான். தகப்பனுக்கு எதிரான கலகம் அப்படித் தொடங்கியது. தம்பிகள் ரிச்சர்டும் ஜெஃப்ரியும் சேர்ந்துகொண்டார்கள். தாய் எலினோரும் பிள்ளைகள் பக்கம் நின்றாள். கலகத்தை அடக்கிய ஹென்றி அவளைப் பல ஆண்டுகள் காவலில் வைத்தார். 1189இல் மீண்டும் ரிச்சர்ட், இந்த முறை பிரெஞ்சு மன்னர் பிலிப்புடன் கைகோத்து. நோயில் விழுந்திருந்த ஹென்றி அவர்கள் விதித்த நிபந்தனைகளுக்கெல்லாம் தலையாட்டிவிட்டு ஷினோனுக்குக் கொண்டுவரப்பட்டார். தனக்கு எதிராகப் போனவர்களின் பட்டியலைக் கேட்டார். முதல் பெயர் கடைக்குட்டி ஜான். யாருக்காக மற்ற பிள்ளைகளைப் பகைத்துக்கொண்டாரோ அந்த ஜான். ஜூலை 6ஆம் தேதி அவர் உயிர் போனது. சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளி ஃபோன்தெவ்ரோ மடாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. பக்கத்திலேயே எலினோர், ரிச்சர்ட். உயிரோடு இருந்தபோது ஒரு கூரையின் கீழ் இருக்க முடியாதவர்கள். எலினோரின் கல் உருவம் கையில் புத்தகம் விரித்துப் படித்துக்கொண்டிருக்கிறது. ஷினோனுக்கு வருகிறவர்கள் அரை நாள் ஒதுக்கி அங்கேயும் போய்வர வேண்டும்.

1205இல் பல மாத முற்றுகைக்குப் பின் பிரெஞ்சு மன்னர் பிலிப் கோட்டையைப் பிடித்தார். மேற்கு முனையில் அவர் எழுப்பிய உருண்டைக் கோபுரம்தான் கூத்ரே. 1308இல் டெம்ப்ளர் வீரத்துறவிகளின் தலைவர் ஜாக் தெ மொலேயையும் அவருடைய தளபதிகளையும் இங்கே சிறை வைத்தார்கள். போப் அனுப்பிய மூன்று கர்தினால்கள் இங்கே வந்து விசாரித்து, அவர்களுக்குப் பாவமன்னிப்பு வழங்கினார்கள். அந்த விசாரணைப் பதிவு வாட்டிகன் ஆவணக் காப்பகத்தில் எங்கோ கிடந்து 2001இல்தான் ஆய்வாளர் பார்பரா ஃப்ராலே கண்ணில் பட்டது. மன்னிப்பு கிடைத்தும் பயனில்லை. 1314இல் மொலேயைப் பாரிஸில் உயிரோடு எரித்தார்கள். கோபுரத்தின் உள்சுவரில் சிலுவைகளும் உருவங்களும் கீறப்பட்டிருக்கின்றன. டெம்ப்ளர்கள் கீறியவை என்று சொல்கிறார்கள். நகத்தால்கூடக் கீறக்கூடிய கல். எழுநூறு ஆண்டுகள் தாங்கியிருக்கிறது. நான் கோட்டையில் அதிக நேரம் நின்றது அந்தச் சுவருக்கு முன்னால்தான்.

பிரெஞ்சுக்காரர்களுக்கு ஷினோன் என்றால் ஜோன் ஆஃப் ஆர்க். நூறாண்டுப் போரில் பிரான்ஸின் வடபாதி ஆங்கிலேயர் கையிலும் அவர்களோடு சேர்ந்த பர்கண்டியர் கையிலும் இருந்த காலம். முடிசூட முடியாத இளவரசர் சார்ல் ஷினோனில் தன் சபையை வைத்திருந்தார். 1429 குளிர்காலத்தின் கடைசியில், கிழக்கு எல்லையிலிருந்து பகைவர் நிலத்தின் ஊடாகப் பதினோரு நாள் குதிரையேறி ஒரு விவசாயி மகள் வந்து சேர்ந்தாள். வயது பதினேழு இருக்கும். கூட்டத்துக்குள் ஒளிந்து நின்ற இளவரசரை அவள் நேரே போய் அடையாளம் கண்டாள் என்ற கதையைப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். நடந்தது இதுதானா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குச் சந்தேகம் உண்டு. சந்தேகமில்லாத விஷயங்கள் இவை: மே 8ஆம் தேதி ஓர்லேயான் முற்றுகை விலகியது, ஜூலை 17ஆம் தேதி ரேம்ஸ் பேராலயத்தில் சார்ல் முடிசூடினார், 1431 மே 30ஆம் தேதி ரூவானில் அவளை எரித்தார்கள், மன்னர் அவளை மீட்கவில்லை. அவளைச் சந்தித்த பெரிய கூடத்தில் இன்று மிச்சம் ஒரு சுவரும், தரை இல்லாமல் அந்தரத்தில் நிற்கும் மேல்மாடிக் கணப்படுப்பும் மட்டுமே. புதுச்சேரியில் கப்ஸ் கோயிலுக்கு எதிரே வெள்ளைச் சலவைக்கல்லில் நிற்பவளும் இந்த ஜோன்தான். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சுவர் அந்நியமாகத் தெரியாது.

பிறகு அரசவை வேறு அரண்மனைகளுக்கு நகர்ந்தது. கோட்டை 17ஆம் நூற்றாண்டில் கர்தினால் ரிஷெல்யூ கைக்குப் போய், கவனிப்பாரில்லாமல் கூரை இழந்தது. ‘கார்மென்’ கதையை எழுதிய ப்ரோஸ்பர் மெரிமே அரசின் வரலாற்றுச் சின்னங்களுக்கான தலைமை ஆய்வாளராகவும் இருந்தார். அவர் அந்தப் பொறுப்பில் இருந்தபோது, 1840இல், கோட்டை பாதுகாக்கப்பட்ட சின்னமானது. 2003 முதல் 2010 வரை நடந்த பெரிய சீரமைப்பில் அரச இல்லத்துக்கு மறுபடி பலகைக்கல் கூரை போட்டார்கள். இரண்டு நூற்றாண்டு வானம் பார்த்துக் கிடந்த சுவர்களுக்குக் கூரை போடலாமா, சிதிலத்தைச் சிதிலமாகவே விட வேண்டுமா என்ற கேள்வி எனக்கும் உண்டு. உள்ளே போய்ப் பார்த்தபின் போட்டது நல்லதே என்று தோன்றியது. துஃபோ தண்ணீரை உறிஞ்சும் கல். கூரையில்லாவிட்டால் பனியிலும் மழையிலும் ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் உதிர்ந்துகொண்டே இருக்கும்.

கோட்டையை விட்டுக் கிழக்கே, திராட்சைத் தோட்டச் சுவர்களை ஒட்டிப் பாறைச் சரிவில் நடந்தால் செயின்ட் ராதகோந்த் சிற்றாலயம். பாதி கட்டியது, பாதி பாறைக்குள் குடைந்தது. 1964இல் சுவரின் மேல்பூச்சு விலகியபோது உள்ளே 12ஆம் நூற்றாண்டு ஓவியம் இருந்தது தெரிந்தது. ஐந்து பேர் குதிரையில் போகிறார்கள். இருவர் தலையில் மணிமுடி. நடுவில் முடியணிந்த ஒருவர் பின்னால் திரும்பிக் கை நீட்டுகிறார். பின்னால் வருகிறவர் கையில் வேட்டைப் பறவை. காவி, பச்சை, நீலம் மங்கித்தான் போயிருக்கின்றன, ஆனால் அந்தக் கை நீட்டல் மங்கவில்லை. திரும்பிப் பார்ப்பவர் எலினோர், காவலுக்குப் போகும் வழியில் பிள்ளைகளிடம் விடைபெறுகிறார் என்று ஒரு சாரார். இல்லை, வெறும் வேட்டை ஊர்வலம் என்று இன்னொரு சாரார். வழக்கு தீரவில்லை. கோட்டைக்கு வரும் கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட இங்கே வருவதாகத் தெரியவில்லை. அது பெரிய இழப்பு.

ஒயினுக்கு வருவோம். குடிப்பழக்கம் இல்லாதவர்களும் இதைப் படிக்கலாம். இது விவசாயத்தின் கதை. ஷினோன் ஒயின்களுக்கு 1937இல் சட்டபூர்வ ஊர்முத்திரை கிடைத்தது. பெரும்பகுதி சிவப்பு; அதற்கு ஏறக்குறைய ஒரே ஒரு ரகம், காபெர்னே ஃப்ரான். ஊர்க்காரர்கள் பிரெத்தோன் என்பார்கள். உலகம் முழுக்கப் பேர் வாங்கிய காபெர்னே சோவிஞோன், மெர்லோ இரண்டுக்கும் பெற்றோரில் ஒன்று இந்த ரகம் என்பதை மரபணுச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பிள்ளைகள் அளவுக்குப் பெற்றோருக்குப் புகழ் வரவில்லை.

ஒரே ரகம், ஆனால் நிலத்துக்கு நிலம் ஒயின் மாறுகிறது. நதியோரச் சரளை மண்ணில் விளைவது இலகுவானது. ராஸ்ப்பெர்ரி வாசம் தூக்கலாக இருக்கும். ஓரிரு ஆண்டில் குடித்துவிடலாம். மேட்டுச் சரிவில், களிமண்ணுக்கு அடியில் துஃபோ இருக்கும் இடங்களில் விளைவது ஆரம்பத்தில் இறுக்கமாக, நாக்கை வறளவைப்பதாக இருக்கும். பத்து, இருபது ஆண்டு வைத்தால் தளரும். துஃபோவின் கன அளவில் பாதிக்கு நெருங்கிய அளவு நுண்துளைகள்தான். மழை நீரைப் பிடித்துவைத்துக் கோடையில் வேருக்குக் கொடுக்கும். 1970களை ஒட்டி சார்ல் ஜொகே என்ற ஓவியர் தன் குடும்பத் தோட்டத்தின் ஒவ்வொரு துண்டு நிலத்தையும் தனித்தனியாகப் பறித்து, தனித்தனியாகப் புட்டியிலடைக்கத் தொடங்கினார். அதுவரை எல்லாவற்றையும் கலந்து விற்பதே வழக்கம். இன்று ஷினோனில் நல்ல பேர் உள்ள அநேகமாக எல்லோரும் அவர் வழியில்தான் போகிறார்கள்.

பழம் முழுதாகக் கனியாவிட்டால் இந்த ஒயினில் பச்சைக் குடைமிளகாய் வாசம் வரும். குளிரான ஆண்டுகளில் ஷினோன்காரர்களின் பழைய தலைவலி அது. இப்போது வெயில் கூடி, அறுவடை முன்னுக்கு நகர்ந்து, அந்த வாசம் அரிதாகிவிட்டது. நல்லதுதானே என்றால் இல்லை. குளிர்காலம் சீக்கிரம் சூடேறுவதால் கொடி முன்கூட்டியே துளிர்க்கிறது. அதற்குப் பிறகு ஏப்ரலில் உறைபனி விழுகிறது. 2021 ஏப்ரலில் பிரான்ஸின் ஒயின் நிலங்கள் பெரும்பாலானவற்றில் அப்படித்தான் துளிர் கருகியது. அந்த இரவுகளில் விவசாயிகள் தூங்குவதில்லை. வரிசைகளுக்கு நடுவே பெரிய மெழுகு வாளிகளை ஏற்றுகிறார்கள். உயரக் கம்பத்தில் காற்றாடியைச் சுழற்றி மேலிருக்கும் சூடான காற்றைக் கீழே தள்ளுகிறார்கள். சிலர் கொடிமேல் விடியும்வரை தண்ணீர் தெளிக்கிறார்கள். உறைபனிக்குத் தண்ணீரா என்று தோன்றும். தண்ணீர் பனிக்கட்டியாக உறையும்போது வெளிவிடும் வெப்பம் துளிரைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போகவிடாது. ஆனால் தெளிப்பதைப் பாதியில் நிறுத்தினால் போட்ட பாடெல்லாம் வீண். ஆறு மணி நேரம் மோட்டார் ஓட வேண்டும், பழுதாகாமல் ஓட வேண்டும். கையில் டார்ச்சோடு நனைந்து நிற்கும் அந்த மனிதர்களின் உழைப்பை, கடையில் பாட்டிலின் விலைச்சீட்டைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ரபெலே பிறந்ததாகக் கருதப்படும் லா தெவினியேர் பண்ணைவீடு ஊரிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். துறவி, மருத்துவர், பிறகு ஐரோப்பாவையே சிரிக்கவைத்த எழுத்தாளர். ‘கார்கான்துவா’ நாவலில் வரும் பெரிய போர் ஒரு ரொட்டிச் சண்டையில் தொடங்குகிறது. லெர்னே ஊர் ரொட்டிக்காரர்கள் வண்டியில் கொண்டுபோன ரொட்டியைத் திராட்சைக் காவல் காத்த இடையர்களுக்கு விற்க மறுக்கிறார்கள், அடிதடி, அரசர் படை திரட்டுகிறார். அந்தப் போரின் ஊர்களும் ஓடைகளும் இன்றும் சாலைப் பலகைகளில் இருக்கின்றன. பண்ணைவீட்டு வாசலில் நின்றால் முழுப் போர்க்களமும் கண்ணெதிரே. அரசர்களின் பேராசையைச் சொந்த ஊர் வயல்வரப்புக்குள் கொண்டுவந்து காட்டிய அவர் துணிச்சல் அங்கே நிற்கும்போதுதான் முழுதாகப் புரிகிறது.

ஷினோனுக்கு வடக்கே, லுவார் கரையில் அவ்வான் என்ற ஊரில் அணுமின் நிலையம். 1963இல் மின்சாரம் கொடுக்கத் தொடங்கிய அதன் முதல் உலை ஒரு பிரம்மாண்ட எஃகு உருண்டைக்குள் இருந்தது. உலை நின்றுபோனாலும் உருண்டை நிற்கிறது. வட்டாரத்தில் பலருக்கு வேலை கொடுப்பது திராட்சை மட்டுமல்ல, இந்த நிலையமும்தான்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை அறுவடைக் காலம். ஊரே நொதிக்கும் பழ வாசம் வீசும், ஆனால் பாதாள அறைக்காரர்களுக்குப் பேச நேரம் இருக்காது. மே, ஜூன் நல்லது. ஓவியக் குகை எல்லா நாளும் திறந்திருப்பதில்லை, முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும். வியாழக்கிழமை சந்தையில் செயின்ட் மோர் ஆட்டுப்பால் சீஸ் வாங்குங்கள். உருளையாக, மேலே சாம்பல் பூசி இருக்கும். நடுவில் ஒரு வைக்கோல் தண்டு செருகியிருப்பார்கள். அதை உருவிப் பார்த்தால் மேலே தயாரித்தவரின் அடையாளம் பொறித்திருக்கும். அது இல்லாவிட்டால் வேறொரு கடைக்குப் போங்கள். சுடச்சுட அடுப்பிலிருந்து எடுத்த ஃபுவே ரொட்டியைப் பிளந்து இந்தச் சீஸை வைத்துச் சாப்பிடுகிறார்கள். கூடவே ஷினோன் சிவப்பு என்றால், அதைச் சூடான அறையில் வைத்துப் பரிமாற விடாதீர்கள்; குகையிலிருந்து வந்த குளிர் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே குடிக்க வேண்டிய ஒயின் அது.